கேள்வி பதில்: காணிக்கையும் ஏழை வீட்டு அடுப்பும்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முன்பு பிடியரிசி எடுக்கும் வழக்கம் இருந்தது. அதை மறுபடி தொடங்கலாம் என்று, பங்கின் சிறு குடும்பக் குழுவான அன்பியத்தின் கூட்டத்தில் பேசுகிறார்கள். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இது தேவையா? நடத்துவது என்றால் எப்படி?
– வாசகி, திருக்காட்டுப்பள்ளி

தேவைதான். ஆனால் பழைய முறையை அப்படியே தொடர்ந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவதுதான் பிடியரிசி. பெரியவர் கைக்கு ஒரு பிடி என்பது 40, 50 கிராம் இருக்கும். இரண்டு வேளையும் எடுத்தால் ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று கிலோ சேரும். 30 வீடுகள் உள்ள அன்பியத்தில் 80 கிலோ சேர வேண்டும். சில வீடுகளில் மறந்துவிடுவார்கள், சில வீடுகளில் ஒரு வேளைதான் சமையல். ஆகவே 40 கிலோ என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

கெட்டுப்போவது மூன்று வழிகளில். அரிசி களைந்த ஈரக் கையால் அள்ளிப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்; காய்ந்த கையால், களைவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் சேர்த்து வைத்தால் வண்டு விழும். மாதத்தின் முதல் ஞாயிறன்று வாங்கி, எடை போட்டு, அந்த மாதமே கொடுத்து முடித்துவிட வேண்டும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் விழுந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாமல் நறுக்கரிசியாக நிற்கும். அந்தச் சோற்றை யாரும் விரும்பிச் சாப்பிட முடியாது. வாங்கும் இடத்திலேயே இரண்டு மூன்று டிரம் வைத்துப் பிரித்துவிடுங்கள். கலந்துபோனதை மாவுக்கு அரைக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி உண்டு. ஆகவே பெரும்பாலான ஏழை வீடுகளில் அரிசி தீர்ந்துபோவதைவிடப் பருப்பும் எண்ணெயும் சர்க்கரை மாத்திரையும்தான் முதலில் தீர்ந்துபோகின்றன. பிடியரிசியை அட்டை இல்லாதவர்களுக்கும், வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்கும் முதலில் கொடுங்கள். மீதியைப் பங்கு மக்களுக்கே நியாய விலையில் விற்று, அந்தப் பணத்தில் துவரம்பருப்பு, கடலை எண்ணெய், மருந்து வாங்குங்கள். சமைக்கவே முடியாத முதியவருக்கு அரிசி கொடுத்துப் பயனில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, அதற்கான பொருளை அந்த வீட்டில் கொடுக்கலாம்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். டெல்டாவில் சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் விவசாயி கையில் பணம் இருக்கும், காணிக்கையும் கூடும். கூலித் தொழிலாளிக்கு அப்படி இல்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலி பெரும்பாலும் போய்விட்டது. பங்குனி முதல் வைகாசி வரை வயலில் வேலை மிகக் குறைவு. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து, நாற்று விட்டு, நடவு தொடங்க ஜூலை ஆகிவிடும். அடுத்த நெருக்கடி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் வருவதால், அந்த 40 நாளில் சேரும் சிறு சேமிப்பை ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவோடு செலவழித்து முடிக்காமல், ஜூன் கடைசி வரை வாரம் வாரமாகப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் அழுத்தமான கருத்து இது: டிசம்பரில் ஒரே நாளில் கொடுக்கும் 1,000 ரூபாயைவிட, மே மாதத்தில் வாரம் 250 ரூபாய் ஒரு வீட்டை அதிகம் தாங்கும்.

கிறிஸ்துமஸ் அன்று திருப்பலி முடிந்ததும் 50 பேரைப் பீடத்துக்கு முன் வரிசையாக நிற்க வைத்து வேட்டி, சேலை கொடுக்கிறோம். வாங்க வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வசதி வந்துவிட்டதா?
– இளைஞர் இயக்க உறுப்பினர், வேதாரண்யம்

பிள்ளைகள் படித்துவிட்டார்கள். தன் தாய் வரிசையில் நின்று சேலை வாங்குவதைக் கைபேசியில் படமெடுத்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை எந்தப் பிள்ளை விரும்பும்? தேவை குறையவில்லை, வரிசையில் நிற்பவர்கள்தான் குறைந்தார்கள்.

1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையைத் தேடி அவர் வீட்டுக்குப் போவதையே அடிப்படை வேலையாக வைத்தது. நம் பங்குகளில் இயங்கும் சபைகளுக்கும் அதுதான் வழி. உங்கள் பங்கில் சபை இருந்தால் அவர்களோடு சேருங்கள். இல்லாவிட்டாலும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. வேலைக்குப் போனவர் திரும்பியிருக்கும் மாலை ஆறரைக்கு மேல் போங்கள். கொடுத்த இடத்தில் உட்காருங்கள், கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். அவர்கள் எதிரில் நோட்டைப் பிரித்து எழுதக் கூடாது. வெளியே வந்தபின் எழுதிக்கொள்ளலாம். 'என்ன வேண்டும்?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்பார்கள். மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, பிள்ளைக்குக் கட்டணம் கட்டியாயிற்றா, மழையில் கூரை எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். கூட்டத்தில் முடிவெடுக்கும்போது வீட்டுக்கு ஓர் எண் கொடுத்துப் பேசினால் பெயர் ஊருக்குள் சுற்றாது. கட்டணத்தைக் கல்வி நிலையத்திலேயே கட்டிவிடுவது சரி. மற்றபடி வீட்டுச் செலவுக்குப் பணமாகவே கொடுங்கள், அந்த வீட்டுத் தாய்க்குத் தெரியும் எதை முதலில் வாங்குவது என்று.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உதவி தெரு பார்த்துப் போகிறது. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தெரு, ஒரே சாதி என்றால் அடுத்த தெருவின் பசி கூட்டத்துக்கே வராது. ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒருவர் குழுவில் இருக்கட்டும். பிற மதத்து வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் மதத்தை யாரும் விசாரிக்கவில்லை.

கையில் காசு இல்லாத குழுவும் பெரிய உதவி செய்யலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவது, மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவது எல்லாம் அறப்பணிதான். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள் பட்டியல் சாதியில் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனாலும் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 'நமக்குக் கிடையாது' என்று நினைத்து மனுப் போடாமலே விடும் குடும்பங்கள் இருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் சாதி, வருமானச் சான்றுகளோடு கணினி தெரிந்த இருவர் ஞாயிறுதோறும் பங்கு மன்றத்தில் உட்கார்ந்தால் போதும்.

கெபி (சொரூபம் வைக்கும் குகை போன்ற சிறு கட்டடம்) கட்டக் கொடுத்த பணத்தை மதில் சுவருக்குச் செலவழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டால் 'எல்லாம் கோவில் பணம்தானே' என்கிறார்கள். கேட்க உரிமை உண்டா?
– வாசகர், மன்னார்குடி

உண்டு. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537. கொடுக்கும்போதே ரசீதில் 'கெபி கட்டுமானத்துக்கு' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பங்குத்தந்தையிடமும் நிதிக்குழுவிடமும் நேரில் கேளுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள். அதன்பின் ஆயர் இல்லம். டீக்கடையில் பேசுவதால் கணக்கு வராது.

உண்டியலை எண்ணும்போது மூன்று பேர் இருக்க வேண்டும், ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. அன்றே எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்ட வேண்டும். இது பங்குத்தந்தையின் நல்ல பெயருக்கும் பாதுகாப்பு.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பங்கின் படிப்பு உதவிக்குப் பணம் அனுப்ப விரும்புகிறான். சட்டச் சிக்கல் வருமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

இந்தியக் குடிமகனாக, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் நிலை வேறு. அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவுபெற்ற அமைப்பின் தனிக் கணக்கில்தான் வரவு வைக்க முடியும். பங்கின் சாதாரணக் கணக்கில் போடக் கூடாது. நண்பர்களிடம் வசூலித்து அனுப்புவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி 2,000 ரூபாய். கைம்பெண் ஒருவர் கட்ட முடியாததால் அவருடைய திருப்பலிக் கருத்தை (திருப்பலியில் வேண்டிக்கொள்ளக் கொடுத்த கோரிக்கையை) வாசிக்கவில்லை. இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், கும்பகோணம் வட்டாரம்

சரியில்லை. ஏழ்மையின் காரணமாக யாருக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்களின் உதவி மறுக்கப்படக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 848. காணிக்கை கொடுக்க இயலாதவர்களின் கருத்துக்காகவும் திருப்பலி நிறைவேற்றும்படி குருக்களைக் கேட்டுக்கொள்கிறது 945. ஊர் வரி ஊர்க் கமிட்டியின் ஏற்பாடு. திருப்பலிக் கருத்தை அதோடு முடிச்சுப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. நேரே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அவர் அறியாமலே நடந்திருக்கவும் கூடும்.

கமிட்டிக்கு ஒரு யோசனை. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்பதை மாற்றி, 500, 1,000, 2,000, 5,000 என்று நான்கு படி வைத்து, அவரவரே தேர்ந்தெடுக்க விடுங்கள். யார் எந்தப் படி என்று ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டாம். மொத்த வசூலில் பத்தில் ஒரு பங்கை, மேளத்துக்கும் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மருத்துவ உதவிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கொடியிறக்கத்துக்குப் பிறகு மீதியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் மீதி இருக்காது. ரேடியோ செட் வாடகையும் தேர் அலங்காரமும் கடைசி நாளில்தான் கூடும்.