49-ஆம் மணி நேரத்திலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலியில் ஆறு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் மறுவாழ்வு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக அறிவிப்புகளைப் பார்த்தால், அவற்றில் பலவும் சிகிச்சையின் செலவையும் பலனையும் கணக்கிடும் நலவாழ்வுப் பொருளியலைச் சேர்த்தே கேட்கின்றன. நோயாளியின் கால்களை ரூபாயில் எடைபோடுவதற்கு மனம் ஒப்பவில்லை. கணக்கைப் பள்ளியோடு விட்டவள் நான். எனக்கு இதில் இடமுண்டா? எங்கே விண்ணப்பிக்கலாம்?

செ.

அன்புள்ள செ.,

விண்ணப்பத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் மனத்தடைக்குள்ளேயே ஓர் ஆய்வுத் தலைப்பு கிடக்கிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. 49-ஆம் மணி நேரத்திலிருந்து கணக்கை எழுதுபவர் யார்? காற்று மெத்தை வாங்குவதற்காக அடகுக்குப் போன நகையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணவரைப் புரட்டிப் படுக்க வைப்பதற்காக வேலையை விட்டுவிட்ட மனைவியின் சம்பளமும் எந்த மருத்துவமனை ரசீதிலும் ஏறுவதில்லை. ரசீதில் ஏறாதது திட்டம் தீட்டுபவரின் கண்ணில் செலவாகவே படுவதில்லை. கணக்கு மருத்துவமனையின் பார்வையில் போடப்படுகிறதா, சமூகத்தின் பார்வையிலா என்பதை ஆய்வாளர் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்று நலவாழ்வுப் பொருளியல் எதிர்பார்க்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அந்த மனைவியின் உழைப்பு ஏட்டில் ஏறும்.

வீட்டு வருமானத்தையும் கணக்கில் எடுத்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் 1974 முதல், விபத்தில் காயமடைந்தவருக்கு, தவறு யாருடையது என்று கேளாமல், சிகிச்சைச் செலவும் இழந்த வருமானத்தில் 80 சதவீதமும் கிடைக்கின்றன. பக்கவாதத்தில் விழுந்தவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. இந்த வேறுபாட்டையே, ஆய்வாளர் ஏற்படுத்தாமல் தானாக அமைந்த ஓர் இயற்கைச் சோதனையாகக் கொண்டு ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு தரப்பினரையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட கட்டுரை, ஈட்டுத்தொகை பெற்றவர்களே அதிக அளவில் வேலைக்குத் திரும்பினார்கள் என்றும் அவர்களது வருமானச் சரிவு குறைவாக இருந்தது என்றும் காட்டியது. உட்கார வைத்துச் சோறு போட்டால் எவன் வேலைக்குப் போவான் என்று கேட்கும் நம் ஊர்த் திண்ணைக்கு இதை மொழிபெயர்த்துப் படித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் உங்கள் சந்தேகத்தை முழுக்கக் கைவிட்டுவிடாதீர்கள். இந்தத் துறையின் அளவுகோலிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஒரு சிகிச்சையின் பலன் பெரும்பாலும் ஈக்யூ-5டி (EQ-5D) என்னும் வினாத்தாளால் அளக்கப்படுகிறது. நடமாட்டம், தன் வேலைகளைத் தானே செய்தல், அன்றாட அலுவல், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைப் பற்றி அது கேட்கிறது. நடமாட்டத்துக்கான கேள்வி நடப்பதைப் பற்றியது என்பதால், சக்கர நாற்காலியில் சந்தைக்குப் போய்வரும் ஒருவர், தன் நாளில் எந்தக் குறையும் உணராவிட்டாலும், ‘என்னால் நடக்க இயலாது’ என்றே குறிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அந்த நிலையை வெறுமனே கற்பனை செய்து பார்க்கும் பொதுமக்களே. நல்ல சக்கர நாற்காலி தருவதால் விளையும் பலன் இந்தக் கணக்கில் சுருங்கிப்போகிறது. ஆறு ஆண்டுகள் அவர்களோடு இருந்த உங்களுக்கு இந்தக் கோணல் உடனே தெரியும். கணிதம் மட்டும் படித்து வருபவருக்கு அவ்வளவு எளிதில் தெரியாது. உங்களுக்குத் தேவைப்படும் கணக்கும் பெரும்பகுதி புள்ளியியல்தான், ஓராண்டில் பிடிபட்டுவிடும்.

சிட்னி பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு ஆய்வு மையம் ஜான் வால்ஷ் பெயரைத் தாங்கியிருப்பது உங்களுக்குப் பிடிக்கும். இளமையில் ரக்பி ஆட்டத்தில் தண்டுவடம் சேதமடைந்த அவர், காப்பீட்டுக் கணிப்பாளராகி, ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்துக்கு வழிவகுத்த 2011 விசாரணையில் பங்கேற்றவர். அங்கே அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகைக்கு வெளிநாட்டவரும் போட்டியிடலாம். நியூசிலாந்தில் வெளிநாட்டு முனைவர் பட்ட மாணவர்களிடம் உள்நாட்டுக் கட்டணமே வாங்குகிறார்கள். கடல் கடக்க வேண்டாமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. ஈக்யூ-5டி வினாத்தாளுக்கு இந்தியர்களைக் கேட்டு மதிப்பெண் வகுத்த ஆய்வு சண்டிகர் வழிநடத்தியதே.

எங்கே போவதானாலும் படிவத்துக்கு முன்பு நெறியாளருக்கு எழுதுங்கள். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது படித்து, உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் அடக்கி அனுப்புங்கள். சான்றிதழ்களை அவர் கேட்கும்போது அனுப்பலாம். அந்தப் பக்கத்தை எழுத உட்காருமுன், உங்கள் வார்டிலிருந்து வீடு திரும்பும் பத்துக் குடும்பங்களிடம், யார் வேலையை விட்டார், எதை விற்றார், எத்தனை நாள் கழித்து எதற்காகத் திரும்ப வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதை ஆய்வாகப் பதிவுசெய்ய எண்ணினால், மருத்துவமனையின் அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.