பாரிஸிலிருந்து முதலைத்தோல் கைப்பை: விலைக்கு மேலே வரும் செலவும் அனுமதியும்

கேள்வி: நான் மெல்பர்னில் வசிக்கிறேன். பாரிஸில் உள்ள ஒரு மறுவிற்பனையாளர் முதலைத்தோல் கைப்பை ஒன்றை 20,000 ஆஸ்திரேலிய டாலருக்கு இணையத்தில் விற்கிறார். நகை வாங்கி வைப்பதைப் போல இதுவும் ஒரு முதலீடுதான் என்கிறார் என் தோழி. வீட்டுக்கடனோடு இணைந்து, அதில் உள்ள தொகைக்குக் கடன்வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் 40,000 டாலர் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து வாங்கலாமா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தப் பை எந்த விலங்கின் தோலால் ஆனது என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலை, அதன் உறவு விலங்குகளான அலிகேட்டர், கெய்மன் ஆகியவற்றின் எல்லா இனங்களும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. ஆகவே, கூரியரில் வரும் பைக்குப் பிரான்ஸ் தரும் மறு ஏற்றுமதிச் சான்றிதழும் ஆஸ்திரேலிய அரசின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். இரண்டும் பை புறப்படுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பை வந்து இறங்கிய பின் விண்ணப்பித்துச் சரிசெய்ய வழியில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரான்ஸில் வாங்கப்பட்ட 26,313 டாலர் மதிப்புள்ள அலிகேட்டர் தோல் பை ஒன்றை எல்லைப் படையினர் பெர்த் நகரில் பறிமுதல் செய்ததை ஆஸ்திரேலிய அரசு 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. பிரான்ஸின் சான்றிதழ் முறையாக இருந்தது. 70 டாலர் கட்டணத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஆஸ்திரேலிய அனுமதியை மட்டும் வாங்கியவர் பெறவில்லை. அவர்மீது மேல்நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றாலும் பை போயிற்று, பணமும் போயிற்று. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் காட்டிய பற்றுச்சீட்டில், தோலைப் பற்றி 'அசல் எக்ஸாடிக் லெதர்' என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த அனுமதிக்கும் விண்ணப்பிக்க இயலாது. 'குரோக்கோடைலஸ் போரோசஸ்' (உவர்நீர் முதலை) என்பது போல் அறிவியல் பெயர் இருக்க வேண்டும். செதில் ஒவ்வொன்றிலும் சிறு புள்ளி தெரிந்தால் முதலை, தெரியாவிட்டால் அலிகேட்டர் அல்லது கெய்மன் என்று அனுபவமுள்ளவர்கள் அடையாளம் சொல்வார்கள். ஆனால் சுங்கத்தில் கண்ணால் சொல்லும் அடையாளம் எடுபடாது, காகிதம்தான் வேண்டும்.

இனி வரிக்கணக்கு. பைக்கு 20,000, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 400 டாலர் என்று கொள்வோம். கைப்பைக்கான பொதுச் சுங்க வரி 5 விழுக்காடு, ஆக 1,000 டாலர். ஜிஎஸ்டி 10 விழுக்காடு. பை விலை, சுங்க வரி, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டிய 21,400 டாலரின் மீது அது கணக்கிடப்படுவதால் 2,140 டாலர். அதாவது, நீங்கள் 20,000 என்று நினைக்கும் பை, சுங்க அறிவிப்புக் கட்டணங்களைச் சேர்க்காமலேயே 23,540 டாலராக வீட்டு வாசலுக்கு வரும். சுங்க வரிச் சலுகை பை தயாரான நாட்டைப் பொறுத்ததே தவிர வாங்கிய நாட்டைப் பொறுத்ததல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்தப் பணம் ஆஃப்செட் கணக்கிலிருந்து வருகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உங்கள் கடனின் வட்டி 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இந்தத் தொகை அங்கே இருப்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 டாலர் வட்டி மிச்சமாகிறது. அதற்கு வருமான வரியும் கிடையாது. முதலீடு என்று அழைக்க வேண்டுமானால், பை ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது அந்த அளவாவது விலை ஏற வேண்டும். சொந்த உபயோகத்துக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிய பொருளை இலாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. நட்டத்துக்கு விற்றாலோ, அந்த நட்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்க வரிச் சட்டம் இடம் தருவதில்லை. மேலும், வெளிநாட்டில் நல்ல விலை கேட்கும் ஒருவருக்கு விற்பதென்றால், அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே அனுப்பவும் அனுமதி வேண்டும். தங்க நகையை அன்றைய தங்க விலையை ஒட்டி எளிதில் விற்றுவிடலாம். இதற்கு அந்த வசதி இல்லை.

ஆகவே முதலீடு என்ற எண்ணத்தில் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆசைக்காக என்றால் அது உங்கள் உரிமை. அப்படியானால் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இருக்கும் ஒரு பையை, அது முறையாக நாட்டுக்குள் வந்ததற்கான ஆவணங்களுடன் தேடிப் பாருங்கள். இறக்குமதித் தொல்லையே இராது. உயர்தரக் கைப்பைகளுக்குப் போகும் தோலில் கணிசமான பகுதி நம் வடக்குப் பிரதேசத்து முதலைப் பண்ணைகளில் விளைவதுதான்.

பாரிஸ் பைதான் வேண்டும் என்றால், அறிவியல் பெயர், முதல் விற்பனையின் பற்றுச்சீட்டு, மறு ஏற்றுமதிச் சான்றிதழின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இரு நாட்டு அனுமதிகளும் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று விற்பனையாளர் எழுதித் தரட்டும். அதுவரை முன்பணம்கூட அனுப்பாதீர்கள். சான்றிதழுக்கு ஆறு மாத ஆயுள்தான் என்பதால், ஆஸ்திரேலிய அனுமதிக்கான விண்ணப்பத்தை அதன் நகல் கைக்கு வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.