குடம்பியைக் கொன்றது வேம்பா, எதனோலா?

களுவாஞ்சிக்குடி மாணவி ஒருவரின் கேள்வி: "வேப்பங்கொட்டையை எதனோலில் ஊறவைத்து எடுத்த சாற்றை டெங்கு நுளம்புக் குடம்பிகளில் சோதித்தேன். 100 மில்லிலீற்றர் நீருக்கு 1, 2, 5 மில்லிலீற்றர் விட்டேன். கூட விட்டபோது கூடச் செத்தன. ஆனால் வெறும் எதனோல் 5 மில்லிலீற்றர் விட்ட கிண்ணத்திலும் 25 இல் 9 செத்துப்போயின. அந்த ஒன்பதைக் கழித்துவிடலாமா?"

கழிக்க முடியாது. உலக சுகாதார நிறுவன வழிகாட்டலின்படி, கட்டுப்பாட்டில், அதாவது சாறு விடாத ஒப்பீட்டுக் கிண்ணத்தில், சாவு 5 முதல் 20 வீதம் என்றால்தான், அந்தச் சாவைக் கணக்கிலெடுத்து மற்றக் கிண்ணங்களின் சாவு வீதத்தைச் சரிசெய்யும் அபொட் சூத்திரத்தால் திருத்தலாம். உங்களுடையது 36 வீதம். பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, சாற்றோடு எதனோலையும் கூட்டிக்கொண்டே போனது. கடைசிக் கிண்ணத்தில் ஏறக்குறைய 5 வீதம் எதனோல்! உங்கள் வரைபடம் எதனோலின் வரைபடமாகவே இருக்கலாம்.

சாற்றை ஆவியாக்கி உலர்த்தி நிறுங்கள். 1 மில்லிலீற்றர் எதனோலில் 100 மில்லிகிராம் கரையுங்கள். அதை எதனோலிலேயே பாதிபாதியாக ஐதாக்குங்கள்: மில்லிலீற்றருக்கு 50, 25, 12.5 மில்லிகிராம். எல்லாக் கிண்ணத்துக்கும் 0.1 மில்லிலீற்றர் மட்டும். முதலாவதில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் வரும். எதனோல் மட்டும் 0.1 மில்லிலீற்றர் விட்டது ஒன்று (இதுதான் கரைப்பான் கட்டுப்பாடு), வெறும் நீர் ஒன்று. கிணற்று நீரானால் எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. விட்டவுடன் டோர்ச் அடித்துப் பாருங்கள்: பால்போல் கலங்கினாலோ அடியில் படிந்தாலோ மருந்து கரையவில்லை, நீங்கள் எழுதும் செறிவு பொய். அசற்றோனுக்கு மாறினால் கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள். பொலிஸ்ரைரீன் கிண்ணத்தை அது கரைத்துவிடும்.

ஒப்பிடக் கடைப் பூச்சிநாசினி வாங்குவோருக்கு ஒன்று. நீரில் விட்டால் வெள்ளையாகும் குழம்புச் செறிவுக்குத் தனிக் கரைப்பான் தேவையில்லை. அதற்குள்ளேயே பெற்றோலியக் கரைப்பானும் குழம்பாக்கியும் இருக்கின்றன. ஆகவே செத்தது நஞ்சாலா, கூட்டுப்பொருளாலா என்று அந்தப் போத்தலை வைத்துச் சொல்ல முடியாது. கிளைபொசேற் என்ற களைநாசினியில் இதைக் கண்டிருக்கிறார்கள்: சில கலவைகளில் சேர்த்த மேற்பரப்பு இயக்கி (சவர்க்காரம் போன்ற கூட்டுப்பொருள்), மீன்களுக்குக் கிளைபொசேற்றைவிடக் கொடியது. தூய நஞ்சு கிடைக்காவிட்டால் "இன்ன கலவை" என்றே அறிக்கையில் எழுதுங்கள்.

லேபல் இல்லாத போத்தலில் "சுத்தமான எதனோல்" என்று தருபவரிடம் வாங்கவே வேண்டாம். எரிசாராயத்தில் மெதனோல் கலந்திருக்கும். காசுக்குப் பரிசோதனை செய்து அட்டவணை நீட்டும் தரகர்களிடம் முதலில் கரைப்பான் கட்டுப்பாட்டின் எண்ணிக்கையைக் கேளுங்கள்; பெரும்பாலும் அந்த நிரலே இருக்காது. நமது செயற்றிட்டப் படிவங்களில் கையொப்பத்துக்கு நான்கு இடம், கரைப்பானுக்கு ஓரிடமும் இல்லை. படிவம் கேட்காவிட்டாலும் கரைப்பானின் பெயர், தரம், இறுதி வீதம் மூன்றையும் முறையியலில் எழுதிவிடுங்கள்.