டைட்டானியா நானோகுழாயில் புல உமிழ்வைக் கூட்டுவது: டர்பனிலிருந்து கேள்வி பதில்

டர்பனில் ஆய்வகத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு (டைட்டானியா) நானோகுழாய்களோடுதான் என் பொழுது போகிறது. வலுவான மின்புலம் சூடு இல்லாமலே எலக்ட்ரான்களை வெளியே இழுப்பதுதான் புல உமிழ்வு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சூடு இல்லாமல் எலக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது?

புலம் வலுக்க வலுக்க மேற்பரப்பின் தடுப்புச்சுவர் மெலிந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் எலக்ட்ரான் ஏறித் தாண்டாமல் ஊடுருவியே வந்துவிடும். 1928-இல் ஃபௌலரும் நோர்ட்ஹைமும் இதற்குச் சமன்பாடு தந்தார்கள்.

நைட்ரஜன் டோப் செய்தால், அதாவது கொஞ்சம் நைட்ரஜனைக் குழாய்ப் பொருளில் கலந்தால், அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். எலக்ட்ரான் மேற்பரப்பை விட்டு வெளியேறத் தேவையான ஆற்றலான வெளியேற்று ஆற்றல் அந்தச் சமன்பாட்டில் அடுக்குக்குறியில் (exponent) உட்கார்ந்திருக்கிறது, அதனால் சின்னக் குறைப்பே போதும். முனையில் நானோமீட்டருக்கு 5 வோல்ட் புலம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 4.5 எலக்ட்ரான் வோல்ட் 4.0 ஆனாலே மின்னோட்டம் 9 மடங்கு. ஆனால் அளவு மீறினால் படிக அமைப்பு கெடும், குழாயும் சரியும். ஹைட்ரஜனில் சூடாக்கி ஆக்சிஜன் காலியிடங்களை உண்டாக்குவதும் கடத்துதிறனைக் கூட்டும். உலையிலிருந்து எடுக்கும்போது சாம்பல் தகடு கரியாகக் கறுத்திருக்கும், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ரிச்சர்ட்ஸ் பே மணலிலிருந்தே செய்யலாமா அண்ணி?

நேரடியாக முடியாதும்மா. அங்கே கிடைப்பது இல்மனைட், ரூட்டைல் என்ற டைட்டானியத் தாதுக்கள். நமக்குத் தூய டைட்டானியம் தகடு வேண்டும், அதை அம்மோனியம் ஃப்ளூரைடு கலந்த எத்திலீன் கிளைகாலில் போட்டு மின்சாரம் பாய்ச்சினால்தான் குழாய் வளரும்.

டோப் செய்தும் என் மின்னோட்டம் ஏறவே இல்லை, ஏன்?

பெரும்பாலும் நெருக்கம்தான் காரணம். பக்கத்துக் குழாய் உங்கள் குழாயின் புலத்தை மறைத்துவிடும். உயரத்தைப் போல இரு மடங்கு இடைவெளி இருந்தால் நல்லது என்பார்கள், ஆனால் இப்படி வளரும் குழாய்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அதனால் மேல்விளிம்பு எவ்வளவு மெலிந்து கூராகிறது என்று முதலில் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், டோப்பிங் அப்புறம். வெற்றிடத்தையும் கவனியுங்கள். எங்களுக்கு லோட்ஷெடிங் மின்வெட்டில் பம்ப் நின்று குழாய்களில் வாயு ஒட்டிக்கொண்டதும் மின்னோட்டம் ஒரு நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது.

ஃபௌலர்-நோர்ட்ஹைம் வரைபடத்தின் சாய்விலிருந்து முனைப் பெருக்கக் காரணியை, அதாவது முனை வடிவம் புலத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை எடுத்தேன், டோப் செய்ததும் அது கூடிவிட்டது. சரிதானே?

சரி என்று சொல்ல முடியாது தம்பி. சாய்வில் வெளியேற்று ஆற்றலும் அந்தக் காரணியும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய 4.5-ஐயே போட்டால், ஆற்றல் குறைந்த பலன் எல்லாம் வடிவத்தின் கணக்கில் போய்விடும். கெல்வின் புரோபில் வெளியேற்று ஆற்றலைத் தனியாக அளந்து, பிறகு கணக்கிடுங்கள்.