ஊருணி என்றே இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் பிறந்தவன், பெங்களூரில் வேலை. ஒரு பையன் ஊருணியில் காலை நனைக்கிறான், ஊரே கூடி அவனை வைகிறது. இதைக் கதையாக எழுதினேன். படித்த நண்பர், “ரொம்ப லோக்கலா இருக்கு, குளம்னு போடு” என்றார். மாற்றிவிட்டேன். லோக்கலிசம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? எழுத்தில் கொச்சை எவ்வளவு வரலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஓர் ஊருக்கே உரிய சொல் என்ற பொருளில் அது வட்டார வழக்கு. உள்ளூர்க் கடை, உள்ளூர் நிர்வாகம் என்று உள்ளூரை முன்னால் வைக்கும் கொள்கைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அதை உள்ளூர்ப் பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கொச்சையின் அளவை உங்கள் கதை மாந்தர்களிடம் கேளுங்கள்.

ஆனால் யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? கடிதம் வந்த நாளிலிருந்து இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. குளத்தில் கால் வைத்த பையனை எவன் வைவான்? ஒரு சொல்லை எடுத்ததில் உங்கள் கதையே செத்துப்போய்விட்டது.

ஊருணி என்றால் ஊரார் உண்ணும் நீர். எங்கள் ஊரில் வயலுக்கும் மாட்டுக்கும் கண்மாய், குடிக்க ஊருணி. கரையேறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஏழு வயதில் நானும் காலை நனைத்து அப்பத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கோடையில் தண்ணீர் கலங்கிவிடும். அப்பத்தா மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பாள். விடிந்து பார்த்தால் மண்டி அடியில் தங்கியிருக்கும், மேலே பளிங்கு மாதிரி தண்ணீர். அந்த ‘ஊரார்’ கணக்கில் யாரைச் சேர்த்தார்கள், யாரைப் படியிறங்க விடாமல் நிறுத்தினார்கள் என்பதும் இந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கிறது. குளம் என்று எழுதினால் அந்த அநியாயமும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இதையா கொச்சை என்கிறீர்கள்? ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்று வள்ளுவர் எழுதிய சொல், 215ஆம் குறள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் உரையைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு அந்தப் படியில் இறங்கியவர்கள். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கையும் செய்யுளுக்கு உரிய சொல் என்றே வைத்தார். அந்தந்த நிலத்தார் வழங்கும் திசைச்சொல்லை அவர் வாசலில் நிறுத்தவில்லை. நாம்தான் உள்ளூர் என்று பொருள்படும் ‘லோக்கலை’ மட்டம் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். ‘லோக்கலா பேசாதே’ என்று பிள்ளையை அதட்டுகிற வீடுகள் மதுரையிலேயே இருக்கின்றன. கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, கோபம் போதும். உங்களுக்கு எழுத வருகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பழைய சொல்லைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் பொருள் எதுவும் எழுதாமல் கதையை எனக்கு அனுப்புங்கள். அப்புறம், உங்கள் ஊர் ஊருணியில் இப்போது தண்ணீர் கிடக்கிறதா?