பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

கேள்வி: 1985-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோது அண்ணா வீட்டில் ஒரு சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் இருந்தது. ரப்பர் கீ வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. நான் முதன்முதலில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பழகியது அதில்தான். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அதே 48கே (நினைவக அளவு) மாடல் ஒன்று இணையத்தில் 90 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. "சோதிக்கவில்லை, அடாப்டர் இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ஹாரோ)

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். "சோதிக்கவில்லை" என்று எங்கே பார்த்தாலும் "ஓடவில்லை" என்றே படித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற ஸ்பெக்ட்ரத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது விற்பவருக்கும் தெரியும். ஓட்டிக் காட்ட முடிந்தவர் ஓட்டிக் காட்டியிருப்பார். பரணில் கிடந்ததை எடுத்து அப்படியே விற்கும் நேர்மையான ஆட்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நேர்மையாக இருப்பதால் உள்ளே இருக்கும் சிப் உயிரோடு இருக்கும் என்று ஆகாது. ஓடாத இயந்திரத்துக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டு இப்படி ஒன்றை வாங்கினேன். மூடியைத் திறந்தபோது முக்கியமான சிப் உட்கார வேண்டிய சாக்கெட் காலியாக இருந்தது. யாரோ அதைப் பிடுங்கித் தனியாக விற்றுவிட்டு, மிச்சத்தை என்னிடம் தள்ளியிருக்கிறார்கள். அன்றிலிருந்து உள்பக்கப் படம் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. ஸ்பெக்ட்ரத்தின் அடியில் இருக்கும் சில திருகுகளைக் கழற்றினாலே உள்ளே பார்க்கலாம். படம் எடுத்து அனுப்ப மறுப்பவரை விட்டுவிடுங்கள். இது அரிய பொருளும் இல்லை. 1982 ஏப்ரலில் 175 பவுண்டுக்கு வெளிவந்த இந்த 48கே மாடலும் அதன் தம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் விற்றன. இது போனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

ஓடுகிறது என்று சொல்பவரிடமும் ஒரு சின்னச் சோதனை கேளுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் அடியில் சின்க்ளேர் ரிசர்ச், 1982 என்ற வரி வரும். அதன் பிறகு "பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733" என்று அடித்து, என்டர் தட்டி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 48கே முழுதாக வேலை செய்தால் 65535 என்று வரும். 32767 வந்தால் அது 16கே மாடலாக இருக்கலாம், அல்லது மேல் நினைவக சிப்களில் கோளாறு இருக்கலாம். இந்த ஒரு வரிக்குள் திரை, கீபோர்டு, நினைவகம் மூன்றும் சோதிக்கப்பட்டுவிடும்.

சில கீகள் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ரப்பருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அதிலிருந்து போர்டுக்குப் போகும் வால் வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து உடைந்துவிடும். அந்தத் தாளை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பதினைந்து நிமிட வேலை. கவலைப்பட வேண்டியது கீழ்ப்பகுதி 16கே நினைவக சிப்களைப் பற்றித்தான். அவற்றுக்கு +5, +12, −5 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். போர்டில் இந்த மின்னழுத்தங்களை உண்டாக்கும் பகுதி பழுதாகி −5 மட்டும் நின்று போனால்கூட சிப்களும் கூடவே போய்விடும். சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது பெரிய வேலை.

அப்புறம், அடாப்டர். இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி வேண்டும், ஆனால் செருகும் முனையின் நடுப்பகுதி நெகட்டிவ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுவில் பாசிட்டிவ். துளையில் சரியாகப் பொருந்துகிறதே என்று ஒன்றைச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது. ஸ்பெக்ட்ரத்துக்கென்றே செய்த புது அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இன்னொன்று, இதிலிருந்து வருவது பழைய ஆன்டெனா சிக்னல், யுஹெச்எஃப் 36-ஆம் சேனல். அனலாக் டியூனர் இல்லாத டிவியில் படம் வராது. "காம்போசிட் மாற்றம் செய்தது" என்று விளம்பரத்தில் இருந்தால் மஞ்சள் வயர் வழியாகப் படம் பார்க்கலாம். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

உரிமை விஷயம்: பிரிட்டனில் தனிநபரிடம் வாங்கினால், சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பிடி. "சோதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். வியாபாரியிடம் வாங்கினால் நிலைமை வேறு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வரும், இணையத்தில் வாங்கியதென்றால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். "திருப்பி எடுக்க மாட்டோம்" என்று வியாபாரி எழுதி வைத்தாலும் அது செல்லாது. ஆகவே விற்பவர் தனிநபரா, வியாபாரியா என்று முதலில் பாருங்கள். பேபாலில் பணத்தை "நண்பர்களுக்கு அனுப்புதல்" முறையில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு கமடோர் 64 பார்த்து வைத்திருக்கிறான். ஒரிஜினல் அடாப்டரோடு, ஓடும் நிலையில் இருக்கிறதாம். இங்கே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டிக்கொள்ளலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த ஒரிஜினல் அடாப்டரை ஓட்டவே வேண்டாம், அமெரிக்காவிலும்கூட. கமடோர் 64-ஐக் கொல்வதில் முதல் இடம் அதற்குத்தான். செங்கல் மாதிரி கனமாக இருக்கும் அந்தப் பெட்டிக்குள் 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தயாராகின்றன. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி வயதாகிப் பழுதாகும்போது மின்னழுத்தம் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறியதும் நினைவக சிப்கள் கருகும். பெட்டிக்குள் எபாக்ஸி ஊற்றி அடைத்திருப்பதால் ரிப்பேரும் செய்ய முடியாது. நேற்று நன்றாக ஓடியது இன்று கொல்லும். மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்போதே தூக்கிப் போடுங்கள். சரியாகக் காட்டினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 230 வோல்ட்டுக்கென்று இப்போது புதிதாகச் செய்கிற அடாப்டரை வாங்குங்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் 230-ஐ 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு கடிகாரம் அந்த 9 வோல்ட் ஏசியின் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், அமெரிக்க இயந்திரம் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் படம் தருவது. ஐரோப்பாவில் எழுதிய விளையாட்டுகளும் டெமோக்களும் பால் (PAL) என்ற டிவி முறைக்கு எழுதப்பட்டவை. திரையில் 312 வரிகள் இருக்கும் என்று நம்பி எழுதியதை 263 வரிகளே உள்ள இயந்திரத்தில் ஓட்டினால் படம் உடையும், பாட்டு வேகமாகும், சிலது ஓடாமலே நிற்கும். இந்தியாவில் வைத்து ஓட்டப்போகிறவர் பால் இயந்திரத்துக்குக் காத்திருப்பது நல்லது.

வாங்குவது என்று முடிவு செய்தால், போட்டதும் நீலத் திரையில் "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்று வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் குறைந்தால் நினைவகத்தில் கோளாறு. ஒலியைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிட் என்னும் அந்த ஒலி சிப்புக்குத் தனி மவுசு இருப்பதால் அதை மட்டும் உருவிவிட்டு மற்றதை விற்பவர்கள் இருக்கிறார்கள். சிட் இல்லாவிட்டாலும் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

சுங்கத்தையும் மறக்காதீர்கள். பயன்படுத்திய கம்ப்யூட்டரை இந்தியாவுக்குள் கொண்டுவருவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கூரியரில் வரும் பெட்டியை நிறுத்தி அனுமதி கேட்கலாம். நாற்பது வருடப் பழைய பொருளுக்கும் இன்றைய செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டருக்கும் படிவத்தில் வித்தியாசம் இருக்காது. பணம் கட்டும் முன் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மஞ்சளாகிப் போன பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெள்ளையாகுமாமே? (வாசகி, மதுரை)

பதில்: ஆகும். சில வருடத்தில் மறுபடி மஞ்சளாவதும் உண்டு. பூச்சு சீராக இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும், அதைச் சரிசெய்யவே முடியாது. என்னைக் கேட்டால் மஞ்சளோடு விட்டுவிடுங்கள். மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்கவும் செய்யலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு 1980-களில் மத்திய அரசுத் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டோர் ரூமில் தூங்குகிறது. பழைய சாமானோடு எடைக்குப் போடப் போகிறார்கள். நானே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். எடைக்குப் போடவும் விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த இயந்திரம்தான். பிரிட்டனில் பிபிசியின் கணினிக் கல்வி முயற்சிக்காக ஏகார்ன் நிறுவனம் 1981-இல் செய்தது. மாடல் பி-யில் 32கே நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர். அதில் இருக்கும் பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பேசிக் என்றால் வரி எண்ணும், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ கட்டளையும்தான். அவருடைய பேசிக்கில் பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளான புரொசீஜர்கள் உண்டு. அதைவிட, பேசிக் நிரலுக்கு நடுவிலேயே பிராசசருக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் எழுதலாம், அதை மாற்றித் தரும் அசெம்பிளர் உள்ளேயே இருக்கிறது. அதே சோஃபி வில்சன்தான் பின்னால் ஆர்ம் பிராசசரின் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தார். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனில் அதன் வாரிசு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, ஏன் போடக் கூடாது? பவர் சப்ளைக்குள் மின்சார இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் உண்டு. ஒளி ஊடுருவும் பழுப்பு நிற உறை, மேலே முடி மாதிரி வெடிப்புகள். அந்த வெடிப்பு வழியாக வருடக்கணக்கில் ஈரம் இறங்கியிருக்கும். திருநெல்வேலி ஸ்டோர் ரூமில் எத்தனை மழைக்காலம் பார்த்திருக்குமோ! ஸ்விட்சைப் போட்டால் முதலில் நன்றாகவே ஓடும், சில நிமிடத்தில் "பட்" என்று வெடித்து அறை முழுக்கப் புகை மூடும், நாற்றம் நாள்கணக்கில் போகாது. கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் குழந்தைகள் இருக்கும்போது பார்க்க வேண்டிய காட்சி அல்ல. எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அவற்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எக்ஸ்2 வகை என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பவர் சப்ளையை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

விலை பற்றி: அது அரசு கொடுத்த பொருள். தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. கழிவுப் பொருளாகப் பதிவேட்டில் நீக்கி, தொகை பெற்றதற்கு ரசீது கொடுத்த பிறகே எடுத்துச் செல்லுங்கள். பெட்டிக்கு எடைக்கு எடை என்ன வருமோ அதற்கு மேல் அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் அதோடு வந்த கையேடுகள், பிளாப்பிகள், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கள் எழுதிய நோட்டு இருந்தால் அவற்றை இயந்திரத்தைவிடக் கவனமாக எடுத்து வையுங்கள். பிபிசி மைக்ரோவை இங்கிலாந்தில் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். நம் ஊர் வகுப்பறையில் அதை வைத்து என்ன நடத்தினார்கள் என்பதற்கான தாள்கள் வேறெங்கும் கிடைக்காது.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேசிக், ஃபோர்ட்ரான், ஃபோர்த் மாதிரி ஆரம்பகால மொழிகளைப் பழக ஆசை. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. எந்தப் பழைய இயந்திரம் வாங்கலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் தம்பி. பணம் அப்படியே இருக்கட்டும்.

ஃபோர்ட்ரான் பிறந்தது 1957-இல், ஐபிஎம் 704 என்ற அறை நிறையும் இயந்திரத்துக்காக. அதை யாரும் உங்களுக்கு விற்கப் போவதில்லை, தேவையும் இல்லை. ஃபோர்ட்ரான் நிரலை ஓட்ட உதவும் ஜிஃபோர்ட்ரான் மென்பொருள் உங்கள் லேப்டாப்பில் இலவசமாக ஓடும். பேசிக் 1964 மே 1 அதிகாலையில் டார்ட்மத் கல்லூரியில் முதன்முதலாக ஓடியது, கணிதம் படிக்காத மாணவரும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காக. அந்த வழியில் வந்த ஜிடபிள்யூ-பேசிக்கின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்டது. 6502-க்கான பேசிக்கையும் 2025-இல் வெளியிட்டது. கமடோர் 64-இன் பேசிக் இதன் வழியில் வந்ததுதான். அதை வரிவரியாகப் படியுங்கள். சில ஆயிரம் பைட்டுக்குள் ஒரு மொழியை எப்படி அடக்கினார்கள் என்று பார்க்கும்போது ஏற்படும் வியப்பு வேறு. ஃபோர்த் வேண்டுமென்றால் ஜூபிடர் ஏஸ் இருக்கிறது. 1982-இல் பேசிக்குக்குப் பதிலாக ஃபோர்த்தோடு விழித்த சின்னக் கம்ப்யூட்டர். குறைவாகவே விற்றதால் ஒரிஜினலுக்கு ஆனைவிலை. பழைய இயந்திரம் போலவே லேப்டாப்பை நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் மென்பொருளில் அதே ஏஸ் காசில்லாமல் கிடைக்கும்.

ஆறு மாதம் எமுலேட்டரில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிஜக் கீயைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தால், புதிதாகச் செய்யும் மறுபதிப்புகளைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 2018-இல் வந்த சின்ன கமடோர் மறுபதிப்பின் மேல் இருக்கும் கீகள் வெறும் அலங்காரம், அமுங்காது. பேசிக் எழுத யுஎஸ்பி கீபோர்டு தனியாகச் செருக வேண்டும். முழு அளவில் 2019-இல் வந்ததில் கீபோர்டு வேலை செய்யும். இரண்டின் விளம்பரப் படமும் ஒரே மாதிரி இருக்கும். அளவைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.