ஈவென்ட் ஹேண்ட்லர்ல சென்டரை (sender) "ஆஸ்" (as) போட்டு மாத்துறதா, நேரா காஸ்ட் (cast) பண்றதா?

சி ஷார்ப் மொழி, அதுல விண்டோஸ் ஸ்கிரீன் கட்டுற வின்ஃபார்ம்ஸ்னு கேட்டிருக்கீங்க. பட்டன் அமுக்குற மாதிரி ஏதாவது நடந்தா ஓடுற ஃபங்ஷன்தான் ஈவென்ட் ஹேண்ட்லர், அதைக் கிளப்பின பொருள்தான் சென்டர், அதை நமக்கு வேண்டிய டைப்பா எடுத்துக்கிறதுதான் காஸ்ட். டைப் பொருந்தலேன்னா ஆஸ் சத்தமில்லாம நல் (null, அதாவது ஒண்ணுமில்ல) குடுக்கும், நேரடி காஸ்ட் எரர் போட்டு நிக்கும். நான் நேரடி காஸ்ட் கட்சி. ஏன்னு சொல்றேன்.

சென்டர் ஏன் வெறும் ஆப்ஜெக்ட்டா (எல்லா டைப்பும் அடங்குற பொது டைப்) வருதுன்னா, சி ஷார்ப் ஓடுற டாட்நெட் 2002ல வந்தப்போ ஜெனரிக்ஸே (டைப்பை நாமளே குடுக்கிற வசதி) கிடையாது, பட்டன் டைமர்னு யார் வேணா ஈவென்ட் கிளப்பலாங்கிறதால ஆப்ஜெக்ட்னு வச்சுட்டாங்க. 2005ல 2.0ல ஜெனரிக் ஈவென்ட்ஹேண்ட்லர் வந்துச்சு, அதுலயும் ரெண்டாவது ஆர்க்யூமென்ட்டுக்குத்தான் டைப் குடுக்கலாம், சென்டர் ஆப்ஜெக்ட்டாவே நின்னுடுச்சு.

ஒரு ஹோட்டல் பில்லிங்ல 18 டேபிளுக்கு 18 பட்டன், எல்லாத்துக்கும் ஒரே கிளிக் ஹேண்ட்லர், டேபிள் நம்பர் டேக்ல (Tag, பட்டனோட கூட தகவல் வச்சுக்கிற இடம்). சென்டர் ஆஸ் பட்டன்னு போட்டு, வந்தது நல் (null) ஆ இருந்தா ரிட்டர்ன்னு "பாதுகாப்பா" எழுதினது நான்தான். ரெண்டு மாசம் கழிச்சு பார்சல்னு ஒரு மெனு ஐட்டம் சேர்த்து அதே ஹேண்ட்லரை மாட்டினோம். அமுக்கினா ஒண்ணுமே நடக்கல, எரரும் இல்ல, மெனுவே மாட்டலயோன்னு டிசைனர் ஃபைலை நோண்டி அரை நாள் போச்சு. அங்க நேரடி காஸ்ட் இருந்திருந்தா, டூல்ஸ்ட்ரிப்மெனுஐட்டத்தை பட்டனா மாத்த முடியாதுன்னு ரெண்டு டைப் பேரையும் சொல்லி அந்த லைன்லயே வெடிச்சிருக்கும்.

சரி ரெண்டுக்கும் பொதுவா கன்ட்ரோல்னு காஸ்ட் பண்ணுவோம்னு பாத்தா அதுவும் ஓடாது, மெனு ஐட்டம் கன்ட்ரோலே இல்ல, ரெண்டுக்கும் மேல காம்பொனன்ட்னு ஒரு பொது டைப் இருந்தாலும் அதுக்குக் கீழ தனித்தனி குடும்பம். ரெண்டுலயும் டேக் இருக்கு, ஆனா அது அந்தப் பொது டைப்ல இருந்து வந்தது கிடையாது 😅

நெசமாவே ரெண்டு மூணு டைப் வரும்னா சி ஷார்ப் 7ல இருந்து "இஃப் சென்டர் ஈஸ் பட்டன் பி"ன்னு செக்கும் வேரியபிளும் ஒண்ணா எழுதிக்கலாம், ஆனா கடைசி எல்ஸ்ல எக்ஸெப்ஷன் போடுங்க, சும்மா விடாதீங்க. இன்னொண்ணு, யாராவது ஹேண்ட்லரை நல் குடுத்து கையால கூப்பிட்டா நேரடி காஸ்ட்டும் கம்முனு தாண்டிடும், அடுத்த லைன்லதான் அடி விழும்.

இப்பல்லாம் நான் சென்டரைத் தொடுறதே கம்மி. பட்டன் உருவாக்குற லூப்லயே லாம்ப்டா (அங்கேயே எழுதுற பேரில்லாத ஃபங்ஷன்) போட்டு டேபிள் நம்பரை இன்ட்டாவே (int, முழு எண்) அனுப்பிடறேன், காஸ்ட்டே வேணாம். ஃபார் லூப்னா மட்டும் எண்ணிக்கை வேரியபிள் i-யை லூப்புக்கு உள்ள ஒரு தனி வேரியபிள்ல எடுத்துக்கோங்க, இல்லாட்டி எந்த டேபிளை அமுக்கினாலும் லூப் முடிஞ்ச அந்த கடைசி நம்பர்தான் போகும்.